சும்மா இருந்தால் அறுந்துபோகும் கம்பி

திண்டுக்கல்லை அடுத்து நாம் முதுகலைத் தமிழ் பயின்ற கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், 2002ஆம் ஆண்டின் பிற்பாதியில், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியும் அதன்கீழ் மேசைமேல் ஒரு சாம்பல்நிறப் பெட்டியும் இருந்தன. சுவரில் இருந்தது தொலைபேசிக்காரர்கள் பொருத்திப்போன ஐ.எஸ்.டி.என். முனையப் பெட்டி, மேசைமேல் இருந்தது ரௌட்டர். அதன் முகப்பில் இரண்டு பச்சை விளக்குகள். இணையத்தோடு தொடர்பு இருக்கும்போது முதல் விளக்கு எரியும். பாரம் கூடினால் இரண்டாவதும் எரியும். பத்துப் பன்னிரண்டு கணினிகளுக்கு அந்த ஒரு பெட்டிதான் வாசல். எவரும் எதையும் தொடாமல் சற்று நேரம் இருந்துவிட்டால் இரண்டு விளக்குகளும் அணைந்துபோகும். பிறகு யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கும்.

"கொஞ்ச நேரம் சும்மா இருந்தா கட்டாயிடுது" என்பதே அனைவரின் புகார்.

'சும்மா' என்ற சொல்லின் மேலெல்லையும் கீழெல்லையும் வாசகர்கள் அறிந்தவை. தாயுமானவருக்கு அது பெறுதற்கரிய நிலை; நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது உருப்படாதவனின் குணம். அந்தச் சாம்பல்நிறப் பெட்டியிடம் மூன்றாவதாக ஒரு பொருள் இருந்தது: கம்பி வழியே எத்தனை விநாடிகளாக ஒன்றும் போகவில்லை என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லும்போது, திண்டுக்கல் சமவெளியில் நாம் செய்த ஒரு பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

*

செய்தியைக் கொண்டுசேர்க்கக் காசு வாங்குகிறவர் எதை எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து மனிதர்கள் பேசும் விதமே மாறியிருக்கிறது. அஞ்சல் எடையை எண்ணியது. எனவே மெல்லிய தாளின் இருபுறமும், ஓரங்களிலும்கூட, நுணுக்கி எழுதினார்கள். தந்தி சொல்லை எண்ணியது. எனவே சாவுச் செய்தியும் நான்கைந்து சொல்லுக்குள் சுருங்கியது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது பலரும் அந்தச் சுருக்கத்தைத்தான் நினைவுகூர்ந்தார்கள். தந்தியில் மௌனத்துக்குக் கட்டணமில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அனுப்புகிறவர் எவ்வளவு யோசித்தாலும் அஞ்சலகத்தார் கவலைப்பட மாட்டார்.

தொலைபேசி வந்தபோது இது தலைகீழாயிற்று. அது எண்ணியது நேரத்தை. டிரங்க் கால் பதிந்து காத்திருந்த காலத்தில் மூன்று நிமிடம் ஆனவுடன் நிலையத்துப் பெண்ணின் குரல் குறுக்கிட்டு, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்கும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு தொடங்கிய பிறகு அந்தக் குரலின் இடத்தில் துடிப்பு வந்து அமர்ந்தது. தொலைவு கூடக் கூடத் துடிப்புகளின் இடைவெளி குறுகும். ஒவ்வொரு துடிப்பும் ஓர் அழைப்பாக மீட்டரில் ஏறும். எண்பதுகளின் பிற்பாதியில் எஸ்.டி.டி. சாவடிகள் ஊர்தோறும் முளைத்தபோது அந்த மீட்டரைப் பேசுகிறவர் கண்முன்னேயே வைத்தார்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருந்த சாவடிகளில் தோல் வியாபாரியும் சுருட்டுக்காரரும் நூல்மில் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்தபடி பேசினார்கள். அழுகிறவர்கள்கூட எண்ணைப் பார்த்துக்கொண்டே அழுதார்கள். மறுமுனையில் இருப்பவர் திகைத்து நின்றுவிட்டால், "பேசு, பேசு, காசு ஓடுது" என்பார்கள். மௌனத்துக்கு விலை வந்த காலம் அது.

இணையம் தமிழ்நாட்டுக்கு வந்ததும் இந்தத் துடிப்பின் வழியேதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. திண்டுக்கல்லிலிருந்து அதைத் தொடவேண்டுமானால் எஸ்.டி.டி. அழைப்புப் போட வேண்டும். பின்னர் 172 என்று தொடங்கும் எண்களை உள்ளூர் அழைப்பாகவே கணக்கிடும் ஏற்பாடு வந்த பிறகுதான் சிற்றூர்களுக்கு மூச்சு வந்தது. அப்போதும் மோடம் இரைந்து, கரைந்து, கைகுலுக்கி முடிக்க அரைநிமிடம் ஆகும்.

*

ஐ.எஸ்.டி.என். என்பதை ஒருங்கிணைந்த சேவைகளின் எண்மிய வலையமைப்பு என்று பெயர்க்கலாம். பெயர் நீளம்; கருத்து எளிது. குரலாயினும் கணினித் தரவாயினும் வீட்டு வாசல்வரை எண்களாகவே செல்லட்டும் என்பது. உலகத் தொலைபேசித் துறைகளின் கூட்டமைப்பு 1984இல் இதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது, 1988இல் செம்மைப்படுத்தியது. அதே 1988இல் ஜப்பானில் வணிகச் சேவை தொடங்கியது. ஏற்கெனவே மண்ணில் புதைந்து கிடக்கும் இரட்டைச் செப்புக்கம்பியே போதும் என்பது இதன் பெருமை. அந்த ஒரே கம்பியில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டும், அழைப்புகளை ஏற்பாடு செய்வதற்கென்று 16 கிலோபிட் தடம் ஒன்றும் ஓடின. இரண்டையும் சேர்த்தால் 128 கிலோபிட். இன்று ஒரு குழந்தையின் கைப்பேசிக்கும் போதாத வேகம். அன்று கல்லூரி நிர்வாகக்குழுவில் பெருமையோடு சொல்லப்பட்ட எண்.

இந்தியாவில் இது தொண்ணூறுகளின் பிற்பாதியில் பரவியது. வங்கிகள் தம் நிலையான இணைப்பு அறுந்தால் உடனே கூப்பிடும் மாற்றுவழியாக இதை வைத்திருந்தன. மருத்துவமனைகள் காணொலி ஆலோசனைக்கு இரண்டு மூன்று இணைப்புகளைப் பிணைத்துப் பயன்படுத்தின. ஆயினும் தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டு இருந்தது. சிறுமலைக்கும் பழநி மலைத்தொடருக்கும் நடுவே விரிந்து கிடக்கும் நம் சமவெளியில் ஊர்கள் அள்ளித் தெளித்தாற்போல் கிடப்பவை. திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் இடையே மட்டும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். எனவே ஓர் ஊருக்கு வாய்த்தது பக்கத்து ஊருக்கு வாய்க்கவில்லை. எமது கல்லூரி அந்த வட்டத்துக்குள் விழுந்தது.

ஐ.எஸ்.டி.என். தந்த உண்மையான புதுமை வேகத்தில் இல்லை என்பது எமது துணிபு. மோடம் அரைநிமிடம் எடுத்துக்கொண்ட வேலையை இது ஓரிரு விநாடியில் முடித்தது. அழைப்பு அவ்வளவு விரைவில் கூடுமென்றால், அதை எப்போதும் பிடித்துவைத்திருப்பானேன்? யாராவது ஒரு பக்கத்தைக் கேட்கும்போது கூப்பிடுவோம். கேட்பார் இல்லையென்றால் வைத்துவிடுவோம். அடுத்தவர் கேட்டால் மறுபடி கூப்பிடுவோம். பயனருக்குத் தெரியவே போவதில்லை. ரௌட்டர் செய்தவர்கள் இப்படித்தான் சிந்தித்தார்கள். தேவைப்படும்போது அழைத்தல் என்று இதற்குப் பெயர். இதற்காகவே ஒரு காலமானியை உள்ளே வைத்தார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் ரௌட்டர்களில் அது இயல்பாக 120 விநாடி. இரண்டு நிமிடம் கம்பியில் பொருட்படுத்தத்தக்கதாக ஒன்றும் போகவில்லையென்றால் அழைப்பு முடிந்தது.

'பொருட்படுத்தத்தக்கது' என்று நாம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எது கணக்கில் சேரும் போக்குவரத்து, எது சேராது என்று பட்டியலிட அந்தக் கருவிகளில் உண்மையாகவே இடம் இருந்தது. காரணம் பணம். ஐரோப்பாவில் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். அலுவலகக் கணினிகளோ, மனிதர் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும், "நான் இங்கிருக்கிறேன், நீ இருக்கிறாயா" என்று ஒன்றையொன்று கூவிக்கொண்டிருக்கும் இயல்புடையவை. அந்தக் கூவல் ஒவ்வொன்றுக்கும் ரௌட்டர் எழுந்து அழைப்பைப் போட, மாத இறுதியில் பட்டியலைக் கண்டு திகைத்த அலுவலகங்கள் எத்தனையோ. ஆகவே வெட்டிப் பேச்சு இது, காரியப் பேச்சு இது என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடலாம். அழைப்பு இல்லாத வேளையில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கம்பியின் அடித்தட்டு இயக்கத்தையே உறங்கவைப்பதும் தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட்டதே. அதைச் செய்த நாடுகளில் முனையப் பெட்டியின் விளக்கு அணைந்ததும் கம்பி செத்துவிட்டதென்று புகார் கொடுத்தவர்கள் உண்டு. உறக்கத்தைச் சாவென்று மயங்குவது நமக்குப் புதிதல்லவே.

*

இனி இலக்கிய வாசகர்க்கு வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

1999இல் திண்ணை இணைய இதழ் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தமிழ் 99 விசைப்பலகையை முன்வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்; ஓர் இதழுக்கு ஒன்று, இன்னோர் இதழுக்கு வேறொன்று. அதையெல்லாம் கடந்து ஒரு பக்கம் திரையில் விரியும்போது ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றைய மாணவர்களுக்கு விளக்க நாம் முயன்று தோற்றிருக்கிறோம்.

பக்கம் விரிந்தாயிற்று. நீண்ட கட்டுரை. வாசகர் வாசிக்கிறார். பத்து நிமிடம் ஆகும்; இடையில் ஒரு பத்தியில் நின்று, மேலே போய், மறுபடி இறங்குவார். இந்தப் பத்து நிமிடமும் கம்பியில் ஒரு பிட்டும் ஓடாது. பக்கம் முழுவதும் முதற்சில விநாடிகளிலேயே வந்து சேர்ந்துவிட்டது. காலமானியின் பார்வையில் அவர் உறங்குகிறவருக்கும், எழுந்து தேநீர் குடிக்கப் போனவருக்கும் சமம். வாசிப்பு அதன் கணக்கில் சும்மா இருத்தல். அடுத்த பக்கத்துக்கு நகரும்போது அழைப்பு அறுந்திருக்கும்.

எழுதுகிறவர் நிலை இதைவிட மோசம். மின்மடல் தளத்தின் கட்டத்துக்குள் நேரடியாகத் தட்டெழுதுகிறவர் அரைமணி எழுதினாலும் கம்பிக்குத் தெரியாது. அனுப்பும் பொத்தானை அழுத்திய கணத்தில்தான் பெட்டி விழித்து எண்ணைச் சுழற்றும். மறுமுனையில் தடம் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் புதிய முகவரி ஒன்று ஒதுக்கப்படும். அதற்குள் உலாவி பொறுமையிழந்து பிழையறிவிப்பைக் காட்டிவிடும். பின்னோக்கிப் போனால் கட்டம் வெறுமையாக இருக்கும். ஒரு சிற்றிதழ்க் கதையைப் பற்றி ஈழத்து நண்பர் ஒருவருக்கு நாம் எழுதிய முதல் நீண்ட மடல் இவ்வாறுதான் போயிற்று. இரண்டாம் முறை எழுதியது அதன் பாதி நீளமே இருந்தது; முதல் மடலில் இருந்த கோபமும் அதில் இல்லை.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறந்தது. இணைப்பைத் தொடாமல் முரசு அஞ்சலில் முழுவதையும் எழுதி, திருத்தி, நெகிழ்வட்டில் சேமித்து, அதன்பின் இணைத்து, ஒட்டி, அனுப்பி, உடனே அறுத்துவிடுவது. படிப்பதும் அப்படியே: வரிசையாகப் பக்கங்களைத் திறந்து சேமித்துக்கொண்டு, கம்பியை வைத்துவிட்டு, வீட்டில் நிதானமாக வாசிப்பது. அந்த ஆண்டுகளின் தமிழ்க் குழும மடல்களை இன்று திரும்பப் படிக்கிறவர்கள் அவற்றின் நீளத்தையும், தொடக்கமும் முடிவும் உடைய அமைப்பையும் கண்டு வியக்கிறார்கள். அன்றைய மனிதர்களின் பொறுமை என்று அதற்குக் காரணம் கூறப்படுகிறது. பொறுமையும் இருந்திருக்கலாம். துடிப்புக்கு அஞ்சி இணைப்புக்கு வெளியே எழுதியவை அவை என்பதையும் மறக்கலாகாது. இணைப்புக்குள் எழுதியிருந்தால் இரண்டு வரிக்கு மேல் எவரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். அதற்குப் பின் வந்த சிற்றிதழ்களில் பல, ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே ஆறு மாதம், ஓராண்டு என்று மௌனம் காத்தவை. சந்தாதாரர் எவரும் அந்த மௌனத்தைத் தொடர்பு அறுந்ததாகக் கொள்ளவில்லை. காலமானியை வடிவமைத்தவர்கள் தமிழ்ச் சிற்றிதழ் வாசகரைச் சந்தித்திருந்தால் 120 விநாடி என்று வைத்திருக்க மாட்டார்கள்.

*

ஆய்வகத்துப் பழுதுக்கு எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சிறுமலைப் பக்கம் மழை பெய்தால் குழியில் நீர் இறங்கி இணைப்பு நனைகிறது என்றார் ஒருவர். எலி என்றார் இன்னொருவர். மின்வெட்டில் பெட்டி அதிர்ச்சி கண்டிருக்கும் என்பது துறைத்தலைவர் கட்சி. ஆய்வக உதவியாளர் பழைய கம்பிகளை மாற்றிப் பார்த்தார். மூன்றாம் வாரத்தில் லைன்மேன் ஒருவர் வந்தார். சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு பக்கத்தத் தொறந்துட்டு யாரும் எதையும் தொடாதீங்க தம்பி" என்றார்.

விளக்கு அணைந்தது. ஐந்து நிமிடம். மறுபடி ஒருமுறை. ஐந்து நிமிடம். மூன்றாம் முறையும் அதே ஐந்து நிமிடம்.

"பழுதுன்னா நேரம் பாத்து வராது. இது நேரம் பாத்து வருது. கம்பி நல்லாத்தான் இருக்கு. யாரோ எண்ணிக்கிட்டு இருக்கான்" என்றார் அவர்.

ஆய்வுமுறை பற்றி நாம் பின்னாளில் கேட்ட எந்த வகுப்பும் இந்த நான்கு வாக்கியங்களுக்கு ஈடாகவில்லை. தற்செயலாக அறுவது பழுது. ஒரே கால அளவில் அறுவது யாரோ எழுதிவைத்த விதி. பழைய ஓலைச்சுவடியில் ஒரே இடைவெளியில் எழுத்து விடுபட்டிருந்தால் பூச்சியைக் குறைசொல்லாமல் படியெடுத்தவரின் மூலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் இதே நியாயம்தான்.

எண்ணிக்கொண்டிருந்தவன் நம் ரௌட்டர்தான். உதவியாளரும் நாமும் கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, 300 என்றிருந்த எண்ணைச் சுழியாக்கினோம். சுழி என்றால் ஒருபோதும் வைக்காதே என்று பொருள். வெற்றி என்று நினைத்தோம். விளக்கு ஐந்து நிமிடம் தாண்டியும் எரிந்தது. ஆறு, ஏழு, எட்டு. பத்தாவது நிமிடத்தில் அணைந்தது. மறுபடியும் பத்து.

கம்பிக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதை மறந்திருந்தோம். சேவையாளர் பக்கத்தில் அழைப்பை ஏற்கும் கருவிக்கும் ஒரு காலமானி இருக்கும். பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் என்ற நெறிமுறையில், எத்தனை விநாடி சும்மா இருந்தால் அறுக்கலாம் என்று சொல்லவும், சும்மா இல்லாவிட்டாலும் எத்தனை விநாடியில் அறுக்கலாம் என்று சொல்லவும் தனித்தனி இடங்கள் உண்டு. அவர்கள் பக்கத்தில் பார்த்தால் இதுவும் நியாயமே: அவர்களிடம் உள்ள தடங்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை, ஒருவர் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றொருவருக்குத் தடம் கிடைக்காது. இரண்டு காலமானிகளில் எது சிறியதோ அதுவே வெல்லும். நாம் நம்முடையதை நீக்கியதும் மறைந்திருந்த மற்றது வெளிப்பட்டது. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டுகளைத் திண்டுக்கல்லில் செய்வார்கள். ஒரு சாவியைத் திருப்பிவிட்டுத் திறக்கவில்லையே என்று மலைத்து நின்ற கதை நம்முடையது.

மறுமுனைச் சாவி நம் கையில் இல்லை. ஆகவே குறுக்குவழி ஒன்றைக் கண்டோம். பிங் என்ற சிறிய கட்டளை, தொலைவில் உள்ள ஒரு கணினியைத் தொட்டு, இருக்கிறாயா என்று கேட்டுத் திரும்பும். அதை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடச் செய்தால் எந்தக் காலமானியும் முடிவை எட்டாது. உதவியாளர் தயங்கினார். "ராத்திரி நிறுத்திடணும் தம்பி, மறந்துடக் கூடாது" என்றார். நாம் தலையாட்டினோம். விளக்கு அணையாமல் எரிந்தது. எழுதிய மடல்கள் போயின. ஆய்வகத்தில் நமக்கு ஒரு மதிப்பும் ஏற்பட்டது.

2003 பொங்கல் விடுமுறைக்கு முதல்நாள் மாலை ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில், ஓரத்துக் கணினியின் திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பினோம். கணினியை அணைக்கவில்லை.

*

மூன்று நிமிடத்துக்கு ஓர் அழைப்பு என்று பகலையும் இரவையும் ஒரே கணக்காக வைத்தால் மணிக்கு 20, நாளொன்றுக்கு 480, ஐந்து நாளுக்கு 2,400. பிங் மிக இலேசானது என்பதால் இரண்டாம் தடம் எழவேயில்லை. அந்த மட்டில் பிழைத்தோம். பட்டியலில் வந்தது இதற்குச் சற்றே குறைவு. ஆனால் அது ஆய்வக உதவியாளரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அவரைத்தான் முதலில் அழைத்தார்கள். திறவுகோல் அவரிடம் இருந்தது. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்தும் அவருடையது. ஐந்து நாள் பூட்டிய அறைக்குள் யார் இணையம் பார்த்தது என்று கேட்டார்கள். அவர், காலமானி பற்றியும் பிங் பற்றியும் விளக்க முயன்றிருக்கிறார். பூட்டிய அறையில் ஆளில்லாமல் தொலைபேசி பேசிக்கொண்டிருந்தது என்பதை நிர்வாகத்தார் நம்பவில்லை. யார் கட்டளையைப் போட்டது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நாம் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் நெடுநேரம் நம்மைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாப்பா" என்றார். அதற்குள் உதவியாளரின் சம்பளத்தில் முதல் தவணை பிடித்தாகிவிட்டது. மீதியை நாம் வீட்டில் கேட்டுக் கட்டினோம். பிடித்த தவணையை அவரிடம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். "பரவாயில்ல தம்பி, வைங்க" என்றார். பங்குனியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்கு இதுதான் காரணமா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

*

2004 அக்டோபரில் இந்திய அரசு வெளியிட்ட அகலக்கற்றைக் கொள்கை, அகலக்கற்றை என்பதற்கு எழுதிய வரையறையில் இரண்டு செய்திகளை வைத்தது: இறக்கும் வேகம் குறைந்தது 256 கிலோபிட் இருக்க வேண்டும், இணைப்பு எப்போதும் உயிரோடிருக்க வேண்டும். செய்தித்தாள்கள் வேகத்தைப் பற்றித்தான் எழுதின. நாம் இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. அதுவும் பழைய செப்புக்கம்பியில்தான் வந்தது. ஆனால் அழைப்பு இல்லை, துடிப்பு இல்லை. சும்மா இருப்பது இலவசமாயிற்று. உடனே எண்ணும் பொருள் மாறியது: இப்போது எண்ணப்பட்டது நேரம் அன்று, இறக்கிய அளவு. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணிவரை அளவு பார்ப்பதில்லை என்றொரு திட்டம் வந்தபோது, அலாரம் வைத்து எழுந்து இறக்கியவர்கள் நம் நண்பர்களிலேயே பலர். தந்தியின் கணக்குக்கு நாம் திரும்பியிருந்தோம். மௌனத்துக்குக் காசில்லை, பேச்சுக்குத்தான்.

ஐ.எஸ்.டி.என். அதன்பின் மெல்ல மறைந்தது. முதலில் தொடங்கிய ஜப்பானிலேயே அதன் தரவுச் சேவை 2024 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. காலமானி மட்டும் மறையவில்லை. இன்றைய கைப்பேசியும் சில விநாடிகள் சும்மா இருந்தால் கோபுரத்தோடான வானொலித் தொடர்பைத் தளர்த்திக்கொள்கிறது. அப்போது மிச்சமாவது மின்கலம். நடுவழியில் உள்ள கருவிகள், சில நிமிடம் பேச்சில்லாத தொடர்பைத் தம் அட்டவணையிலிருந்து அழித்துவிடுகின்றன. அதைத் தடுக்கச் செய்திச் செயலிகள் அவ்வப்போது ஒரு சிறு துடிப்பை அனுப்பி, இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கின்றன. 2003 பொங்கலுக்கு நாம் பூட்டிய அறையில் விட்டுவந்த அதே கட்டளைதான், நாகரிகமான உடையில்.

சென்ற ஆண்டு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகில், திரை உடைந்த கைப்பேசியைச் சரிசெய்ய ஒரு சிறு கடையில் ஏறினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்மைப் பார்த்தவர் பழைய ஆய்வக உதவியாளர். தலை நரைத்திருந்தது. ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். கல்லூரியில் பாடம் நடத்துகிறோம் என்றதும் மகிழ்ந்து, உள்ளே திரும்பித் தேநீர் சொன்னார். அந்தத் தவணைப் பணத்தைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று நாம் தடுமாறிக்கொண்டிருந்தோம். அவர் கைப்பேசியைத் திருப்பி மூடியைக் கழற்றியபடி கேட்டார்:

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு வந்தீங்களா தம்பி?"